நான் விழுங்கிய பாலம்

ஒரு காப்பிக்கடைக்குக் கார்ட்டூன் கண்காட்சி பார்க்கப் போன மனிதன் அதே கடையில் கைதியாக உட்கார்ந்திருக்கிறான் என்றால், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருப்பான் என்றுதான் நினைப்பீர்கள். நான் வாயைக் கொடுக்கவில்லை. முகத்தைக் கொடுத்தேன். அதையும் நானாகக் கொடுக்கவில்லை; தூங்கும்போது எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

என் தொழில் பல்செட் செய்வது. எங்கள் ஊர்ச் சிரிப்பில் பாதி நான் செய்தது. தொழிலை விட்ட பிறகும் தெருவில் யார் எதிரே வந்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டேன், பல்லைத்தான் பார்ப்பேன். பத்திரிகைப் படங்களையும் அப்படித்தான். மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, பத்திரிகையில் கார்ட்டூன் போடுகிறவன். அவன் படத்தில் நகரத் தலைவரின் வாய் எப்போதும் எதையாவது அடைத்துக்கொண்டு மூடியே இருக்கும். பல் தெரியாத படத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று பக்கத்தைத் திருப்பிவிடுவேன். இத்தனை வருஷம் எனக்கு விஷயம் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

"தம்பி கண்காட்சி வச்சிருக்கான். நீங்க வரலைன்னா நல்லா இருக்காது" என்றாள் மனைவி. அவள் அகராதியில் நல்லா இருக்காது என்றால் சாப்பாடு நன்றாக இருக்காது என்று பொருள். அவளோடு கிளம்பிவிட்டேன்.

கண்காட்சி நடந்தது எங்கள் தெருமுனைக் காப்பிக்கடையில். தையல்கடைக்கும் பேட்டரிக்கடைக்கும் நடுவில், இரண்டும் மூச்சை இழுத்துப் பிடித்து இடம் விட்ட மாதிரி ஒரு சந்து. அதற்குக் கூரை போட்டுக் கடையாக்கியிருந்தார் நுரை. நுரை என்பது கடைக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர். அவர் தரும் டம்ளரில் நுரை எங்கே முடிந்து காப்பி எங்கே தொடங்குகிறது என்று இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. சுவரோடு மேசைகள், நடுவில் ஓர் ஆள் போகிற வழி. உள்ளே போகிறவர் கடைசிவரை போய், பாத்திரம் கழுவுகிற இடத்தில் திரும்பித்தான் வெளியே வர வேண்டும். எதிரே ஆள் வந்துவிட்டால் யாராவது ஒருவர் யாராவது ஒருவர் மடியில் உட்கார வேண்டியதுதான். அந்தக் கடையில் சில கல்யாணங்கள் அப்படித்தான் நிச்சயமாகின என்று நுரை சொல்வார்.

சுவர் நெடுகக் கம்பி கட்டி, துணி கிளிப்பில் படங்களை மாட்டியிருந்தார்கள். முதல் படத்தில் ஒரு பெரிய தட்டு, தட்டில் ஒரு பாலம், பக்கத்தில் சாஸ் பாட்டில். கழுத்தில் துண்டு கட்டிய ஒருவர் பாலத்தின் ஒரு முனையை வாய்க்குள் தள்ளிக்கொண்டிருக்கிறார். கீழே "ஆற்றுப் பாலம்: ருசி பார்த்தேன், அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டியாகிவிட்டது என்று நகரசபை சொல்கிறது. ஆறு அப்படிச் சொல்லவில்லை. திறப்பு விழாகூட நடந்தது. நகரத் தலைவர் ரிப்பன் வெட்டினார். ரிப்பனுக்கு அந்தப் பக்கம் தண்ணீர். எல்லோரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

அடுத்த படத்தில் அதே ஆள் ஏரியை மடித்துப் பெட்டிக்குள் வைத்து, மூடி மேல் உட்கார்ந்து அமுக்கிப் பூட்டுகிறார். அதற்கடுத்ததில் தார்ச்சாலையைப் பாய் மாதிரிச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிறார். நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். எனக்குப் பின்னால் நின்ற பேட்டரிக்கடைக்காரர் மட்டும் சிரிக்காமல் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினேன்.

"அட, அவரேதான்யா!" என்று கத்தினார்.

கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடி உண்டு. போய்ப் பார்த்தேன். என் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அது என் முகத்தில் இருக்கிறது என்பதைவிட, என் முகம் அதற்குப் பின்னால் இருக்கிறது என்பதுதான் சரி. மழை வந்தால் முதலில் அதற்குத்தான் தெரியும். நான் குடையை விரிப்பதற்குள் அது நனைந்து காய்ந்திருக்கும். அந்த மூக்கு, அதன் ஓரத்து மச்சம், மடங்கிய இடது காது எல்லாம் சுவர் நெடுக வரிசையாகத் தொங்கின. பல் ஒன்றைத் தவிர நான் முழுசாக அங்கே இருந்தேன்.

மச்சானைத் தேடிப் பிடித்தேன். காப்பி டம்ளரோடு மூலையில் நின்றிருந்தான்.

"என்னடா மச்சான் இது?"

"நல்லா வந்திருக்கா அத்தான்?"

"என் மூஞ்சி நல்லா வந்திருக்கான்னு என்கிட்டயே கேக்குறியா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "தலைவர் மூஞ்சியை வரைஞ்சா உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க. சட்டம் இருக்கு. மூஞ்சி இல்லாம கார்ட்டூன் எப்படிப் போடுறது, சொல்லுங்க? ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுல சாப்பிட்டுட்டு நீங்க சோபாவுல சாஞ்சிருவீங்க. நான் எதிர்ல உக்காந்து வரைஞ்சுக்குவேன்."

"ஊர்ல உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"தூங்கும்போதும் எதையோ முழுங்கப் போற மாதிரி இருக்குறது நீங்க ஒருத்தர்தான் அத்தான்."

அவனைத் தப்பு சொல்ல முடியாது. நகரத் தலைவர் கறுப்புக் கண்ணாடி போட்ட காரை விட்டு இறங்குவதே இல்லை. ஊர் ஜனங்களுக்குத் தெரிந்த தலைவர் முகம் மச்சான் போட்ட முகம்தான். ரிப்பன் வெட்ட ஒரே ஒரு தடவை இறங்கிய அன்று நிஜ முகத்தைப் பார்த்தவர்கள், "இது யாரு, தலைவர் வரலையா?" என்று கேட்டார்கள். அந்த அவமானத்தைத் தாங்காமல் நகரசபைச் சுவரில் மாட்டியிருக்கும் தலைவர் போட்டோவில் மூக்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் மனு கொடுக்க வருகிறவர்கள் போட்டோவுக்குச் சரியாக வணக்கம் வைத்தார்கள்.

எனக்கு ஒரே எண்ணம், வீட்டுக்குப் போய்விட வேண்டும். அதற்குள் "படத்துல இருக்குற ஆளே வந்திருக்காரு" என்று செய்தி தெருவுக்குப் போய்விட்டது. வாசலில் இருந்து கூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் இரண்டு அடி முன்னே போனால் நாலு அடி பின்னே தள்ளினார்கள். கடைசியில் பாத்திரம் கழுவும் இடத்துக்கு முன்னால் உள்ள மேசையில் போய்ச் சொருகிக்கொண்டேன். கூட்டத்தைத் தடுக்க நுரை பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து, பக்கவாட்டில் நடந்து, இரண்டு போலீஸ்காரர்களும் ஓர் அதிகாரியும் வந்தது அப்போதுதான்.

அதிகாரி நகரசபையில் தலைவர் மாண்புப் பிரிவு. கையில் தலைவரின் போட்டோ, சட்டைப் பையில் தையல்காரர் வைத்திருப்பது போல ஓர் அளவு டேப். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போடாத அதிகாரியிடம்தான் பயப்பட வேண்டும்.

"யார் வரைஞ்சது?"

மச்சான் கையைத் தூக்கினான். கையில் காப்பி இருந்ததை மறந்துவிட்டான்.

அதிகாரி சட்டையைத் துடைத்துக்கொண்டு, போட்டோவைப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். "ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லைங்க."

"அப்போ இது யாரு?"

மச்சான் தரையைப் பார்த்தான். அதற்கு அவனை நான் மெச்சத்தான் வேண்டும், என் பக்கம் திரும்பவே இல்லை. போலீஸ்காரர் விலங்கை எடுத்தார். மச்சானின் வலது கையைப் பிடித்தார். பென்சில் பிடிக்கிற கை, அதை உள்ளே கொண்டுபோனால் என்ன செய்வார்கள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மச்சானுக்கு முன்பு அந்தப் பத்திரிகையில் கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்தவர் இப்போது இடது கையால் சாப்பிடுகிறார்.

"ஏங்க" என்றாள் என் மனைவி.

அவள் கல்லாப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் காதருகே வந்தாள்.

"நான்தான்னு சொல்லுங்க. அவனுக்குப் பிள்ளைங்க ரெண்டும் சின்னஞ்சிறுசு."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு நினைக்காதீங்க. போக மாட்டேன். உங்க கூடவேதான் இருப்பேன். தினமும்."

நான் எழுந்து நின்றேன். "அது நான்தாங்க."

அதிகாரி டேப்பை எடுத்து என் மூக்கை அளந்தார், காதை அளந்தார், மச்சத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். படத்தில் இருக்கும் மூக்கு தலைவருடையதைவிட ஒரு விரல் நீளம், அது அப்படியே என் அளவு. போட்டோவை அவர் குப்புறக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். விலங்கு மறுபடி இடுப்புக்குப் போயிற்று. கூட்டம் கைதட்டியது. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு நல்ல சாப்பாடு இருந்தது.

"வரேங்க" என்று கிளம்பினேன்.

"எங்க?" என்றார் அதிகாரி.

"வீட்டுக்கு."

"உக்காருங்க." என்னைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்துவிட்டு, முதல் படத்தைக் கம்பியிலிருந்து கழற்றி என் முன்னால் வைத்தார். "இது நீங்கதானே?"

"அதான் அளந்து பாத்துட்டீங்களே."

"இதுல என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

அப்போதுதான் என் காலுக்குக் கீழே தரை கொஞ்சம் இறங்கியது. "சாப்பிடுறேன்."

"என்னத்தை?"

"பாலம் மாதிரி இருக்கு."

"மாதிரி என்ன மாதிரி? கீழ எழுதியே இருக்கு, ஆற்றுப் பாலம்னு."

"சார், இது கற்பனைப் படம்."

"அப்படியா? அப்போ மூஞ்சியும் கற்பனை. கற்பனை மூஞ்சின்னா அது தலைவரைக் குறிக்கும், வரைஞ்சவர் எங்களோட வரணும். மூஞ்சி நிஜம்னா சாப்பாடும் நிஜம். பாதி நிஜம் பாதி கற்பனைன்னு எங்க பிரிவுல எடுத்துக்கறது இல்லை. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

விலங்கு மறுபடி வெளியே வந்தது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். கீழ்வரிசையையும் வைத்தேன். "பாருங்க, ஒண்ணுகூட சொந்தப் பல் இல்லை. பிஸ்கட்டையே காப்பியில நனைச்சுத்தான் தின்கிறேன். பாலத்தை எப்படிங்க கடிப்பேன்?" பல் இல்லாமல் சொன்னதால் பாதி காற்றாகப் போயிற்று. ஆனாலும் கூட்டத்துக்குப் புரிந்தது.

அதிகாரி பல்செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாலத்தைக் கடிச்சா பல்லு இருக்குமா பெரியவரே? போகத்தானே செய்யும்?"

பேட்டரிக்கடைக்காரர் தலையாட்டினார். நுரை, என் நண்பன், பாவி, கல்லாவிலிருந்து எட்டிப்பார்த்து, "அதான் ரொம்ப நாளா வயிறு கனமா இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு" என்றார்.

"நான் தின்னேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அதிகாரி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருந்தது. பல்செட்டை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார். "தலைவர் உங்க மேல ரொம்ப மரியாதையா இருக்கார்."

இருக்காதா பின்னே! பாலம் எங்கே, பாலம் எங்கே என்று ஊர் நச்சரித்துக்கொண்டிருந்தது. இப்போது பதில் கிடைத்துவிட்டது. பாலம் கட்டப்பட்டது, கட்டியவர் தலைவர், தின்றவர் நான். மறுநாள் பத்திரிகையில் "பாலம் கட்டப்பட்டது உறுதியானது" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே என் படம். நகரசபை போட்டோகிராபர் வந்து எடுத்தது. மூக்கைக் கொஞ்சமும் இழுக்க வேண்டியிருக்கவில்லை என்று அவர் என்னைப் பாராட்டினார்.

என்னை ஜெயிலுக்குத்தான் கொண்டுபோவதாக இருந்தது. ஆனால் எங்கள் ஊர் ஜெயில் முதல் மாடியில் இருக்கிறது. நகரசபை இன்ஜினியர் வந்து என் வயிற்றைத் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, உள்ளே ஒரு பாலத்தின் எடை இருக்கும் ஆளை அந்தத் தளம் தாங்காது என்று சொல்லிவிட்டார். தரைத்தளமாக, பூசிய தரையாக, காவலுக்கு வாசல் ஒன்றே ஒன்றாக உள்ள இடம் வேண்டும். எல்லாம் பொருந்தி வந்தது நுரையின் கடை. அன்றிலிருந்து நான் கடைசி மேசையில் இருக்கிறேன். படங்கள் சாட்சி, அதனால் கழற்றக் கூடாது. நானும் சாட்சி, என்னையும் கழற்றக் கூடாது. வாசலில் ஒரு போலீஸ்காரர் நிற்கிறார். அவர் மீசையில் எப்போதும் நுரை.

கடையில் இப்போது வியாபாரம் பிரமாதம். எது காணாமல் போனாலும் என்னிடம் வருகிறார்கள். பள்ளிக்கூடத்து மாடி, தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் என் வயிற்றில்தான். போன வாரம் பக்கத்துத் தையல்காரர் வந்து குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

"அண்ணே, என் கத்தரிக்கோலைக் காணோம்."

"நான் தின்னலை தம்பி."

"பாலத்தையே தின்னவரு. கத்தரிக்கோலுக்குப் போய் வெக்கப்படுறீங்களே."

மனைவி மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவருகிறாள். முன்பைவிடக் குறைவாக. "வீட்டுச் சாப்பாடு உங்களுக்கு இறங்குமா?" என்று ஒருநாள் கேட்டாள். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கிண்ணத்தைத் திருப்பி எடுக்கும்போது என் வயிற்றை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மச்சான் தினமும் வருகிறான். இனி தலைவரைக் கிண்டல் செய்வதானால் என் முகத்தைத் தவிர வேறு எதையும் வரையக் கூடாது என்று அவனிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். எதிரே உட்கார்ந்து பென்சிலைச் சீவுவான்.

"டேய், நான் வெளிய வர்றதுக்கு ஒரு வழி பாருடா."

"நீங்க தின்னலைன்னு சொன்னா போதும் அத்தான். ஆனா நான் உள்ள போயிடுவேன். நான் உள்ள போனா அக்கா..."

"தெரியும், தெரியும். வரை."

இப்படியே போயிருந்தால் நானும் பழகியிருப்பேன். எத்தனையோ பேர் இதைவிடச் சின்ன இடத்தில், இதைவிட மோசமான காப்பியோடு வாழ்கிறார்கள்.

அக்கரையிலிருந்து ஒரு பெண் வந்தாள். செருப்பு கையில் இருந்தது. முழங்கால்வரை ஈரம். இக்கரை ஓட்டல் ஒன்றில் படுக்கை விரிப்பு தோய்க்கிற வேலையாம். கால்வைக்க ஆழம் பார்த்துப் பார்த்து ஆற்றை நடந்தே கடந்து வருகிறவள். சுவரிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிரிப்பே வரவில்லை. நேராக வந்து என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பெரியவரே, பாலத்தை நீங்கதான் தின்னீங்களா?"

வந்தவர்கள் எல்லாம் திட்டுவார்கள், கேலி செய்வார்கள். இதைக் கேள்வியாகக் கேட்டது அவள் ஒருத்திதான். பக்கத்து மேசையில் மச்சான் பென்சில் சீவுவதை நிறுத்தினான். வாசலில் போலீஸ்காரர் மீசையைத் துடைத்தார்.

"ஆமாம்மா."

"எப்படி இருந்துச்சு?"

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றேன். பழக்க தோஷம்.

"ருசியைக் கேக்கலை. பாலம் எப்படி இருந்துச்சுன்னு கேக்குறேன். எங்க பக்கம் யாரும் அதைப் பார்த்ததே இல்லை. பார்த்த ஒரே ஆளு நீங்கதானே."

நான் பொய்க்குப் பஞ்சமில்லாத ஆள். நான் செய்த பல்செட் ஒன்று அதன் சொந்தக்காரரையே கடித்த கதையை ஜட்ஜ் முன்னாலேயே சொல்லி நம்பவைத்திருக்கிறேன். அவள் முன்னால் நாக்கு புரளவில்லை. டம்ளரைத் தள்ளி வைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னேன்.

"ரெண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் இருந்துச்சு. நெஞ்சு உயரம். பிள்ளைங்க எட்டிப் பாத்தாலும் விழாது."

"நடக்குறவங்களுக்குத் தனியா வழி இருந்துச்சா?"

"இருந்துச்சு. நடுவுல ஒரு பெஞ்சுகூட. சுமையோட வர்றவங்க இறக்கி வச்சு உக்காந்துட்டுப் போகலாம்."

"பெஞ்சா? பாலத்து மேலயா?" அவள் முன்னால் நகர்ந்தாள். "மழை வந்தா?"

"மேல சின்னதாக் கூரை."

"எங்க பக்கம் எங்க வந்து இறங்குச்சு?"

"படகுத்துறைக்கிட்ட."

"பள்ளிக்கூடத்துக்கிட்ட இறக்கியிருக்கலாமே. பிள்ளைங்கதானே தினமும் கடக்குது."

"பள்ளிக்கூடத்துக்கிட்டதாம்மா. மறந்துட்டேன். தின்னு ரொம்ப நாளாச்சு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தவள், செருப்பைத் தரையில் போட்டு ஈரக்காலை நுழைத்தாள். "கொஞ்சமாவது மிச்சம் வச்சிருக்கலாம் பெரியவரே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அம்மா, நான் தின்னவில்லை, அப்படி ஒரு பாலமே இருந்ததில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். மச்சான் பார்த்தான். அவன் கையில் பென்சில் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவள் தனியாக வரவில்லை. பின்னால் ஆணும் பெண்ணுமாகச் சிலர் ஒருவர் பின் ஒருவராக அந்த ஒற்றை வழியில் வந்தார்கள். எல்லோர் கையிலும் செருப்பு. அவர்கள் நின்ற இடமெல்லாம் தண்ணீர் சொட்டியது. நுரை துடைப்பத்தை எடுத்தார், ஏனோ திரும்ப வைத்துவிட்டார்.

"இவருதான்" என்றாள் அவள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. நாற்காலி கிடைத்தவர்கள் உட்கார்ந்தார்கள், கிடைக்காதவர்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியாக வந்த வயசாளி ஒருத்தர் காது மந்தமோ என்னவோ, கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க பெரியவரே" என்றாள் அந்தப் பெண். "எங்க கரையிலேர்ந்து ஆரம்பிங்க."